முகம் தெரியும், அட்டை எங்கே?

லண்டனில் குடியேறி முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்ட பதுளை நண்பர் ஒருவர் அண்மையில் தொலைபேசியில் அழைத்தார். ஊர்ச் செய்தி, உறவினர் நலம் எல்லாம் முடிந்து பேச்சு வழக்கம்போல் அரசியலுக்குத் திரும்பியது. "புகைப்பட அடையாள அட்டை இல்லாமல் வாக்களிக்க முடியாது என்று இங்கே சட்டம் வந்ததற்கு இன்னும் கூச்சல் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். நம் நாட்டில் எப்போதோ வந்துவிட்ட சங்கதி. யாருக்கு என்ன குறைந்துபோயிற்று?" என்று கேட்டார்.

யாருக்கு என்ன குறைந்துபோயிற்று என்பதைத் தொலைபேசியில் சொல்லி முடிக்க முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். அதற்கு முன் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 2004 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கத் தேர்தல்கள் (விசேட ஏற்பாடுகள்) சட்டம் நிறைவேறியபோது அதை வரவேற்று எழுதியவர்களில் நானும் ஒருவன். வாக்காளர் தம் ஆளடையாளத்தை ஆவணத்தால் நிரூபிக்க வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் சாரம். காலம் கடந்து வந்தாலும் நல்ல சட்டம் என்றுதான் எழுதினேன்.

அப்படி எழுதியதற்குக் காரணங்கள் இருந்தன. 1982 டிசெம்பர் 22 ஆம் திகதி சர்வசன வாக்கெடுப்பை நேரில் கண்ட தலைமுறை எங்களுடையது. அன்று மாலை வாக்களிக்கப் போன பலருக்கு அவர்களுடைய வாக்கு காலையிலேயே போடப்பட்டுவிட்டது என்ற பதில் கிடைத்தது. மலையகத்தில் கதை இன்னொரு விதம். லயங்களுக்குப் போய் வாக்காளர் அட்டைகளைக் கட்டுக்கட்டாக வாங்கி வைத்துக்கொள்ளும் தொழிற்சங்கப் பிரமுகர்களைப் பற்றி ஒவ்வொரு தேர்தலிலும் கேள்விப்படுவோம். யாருடைய அட்டையோடு யார் போய் வாக்களித்தார் என்பது அந்தப் பிரமுகருக்குத்தான் வெளிச்சம். கொழுந்து பறித்துவிட்டுக் களைத்து வரும் பெண்ணின் வாக்கை அவளிடமிருந்து பறிப்பதற்கு அன்று ஒரு தாள் போதுமாக இருந்தது. அவளுடைய படம் ஒட்டிய அட்டையைக் கேட்டால் அந்தத் திருட்டு நடக்காது. இந்த வாதத்தை நான் இன்றும் கைவிடவில்லை. (1999 ஜனவரியில் வடமேல் மாகாண சபைத் தேர்தலில் நடந்ததையும் அப்போது சேர்த்து எழுதினேன். அது பொருத்தமில்லாத உதாரணம். முகவர்களை விரட்டியடித்துவிட்டுப் பெட்டியை நிரப்புகிறவனிடம் எந்த அட்டையைக் கேட்பது?)

சட்டம் 2004 இல் வந்தாலும் வாக்களிப்பு நிலையத்தில் அதன் கண்டிப்பு தெரிவதற்குச் சில ஆண்டுகள் சென்றன. ஊவாவில் நான் அதைக் கண்ணால் கண்டது 2009 ஆகஸ்ட் 8 ஆம் திகதி, மாகாண சபைத் தேர்தலன்று.

பசறைக்கு மேலே ஒரு தோட்டப் பாடசாலையில் வாக்களிப்பு நடந்துகொண்டிருந்தது. நாங்கள் வெளியே படலையடியில் நின்றோம். எழுபதைத் தாண்டிய ஒரு பாட்டி, பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்தார். வெள்ளைச் சேலை, இடுப்பில் ஒரு பொலித்தீன் பை. உள்ளே போனவர் சிறிது நேரத்தில் திரும்பி வந்துவிட்டார். விரலில் மை இல்லை. பைக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டேன். தேர்தல் திணைக்களம் அனுப்பிய வாக்காளர் அட்டை, சேமலாப நிதித் துண்டு, தோட்ட டிஸ்பென்சரிச் சீட்டு, இறந்துபோன கணவருடைய பிரஜாவுரிமைப் பத்திரத்தின் மங்கிப்போன பிரதி. தேசிய அடையாள அட்டை மட்டும் இல்லை. தற்காலிக அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும் நாளும் எப்போதோ முடிந்துபோயிருந்தது.

"மூஞ்சி எங்கிட்டத்தான் இருக்கு ஐயா. அதைப் படம் புடிச்சு ஒட்டின அட்டைதான் இல்லையாம்" என்றார். கோபமில்லை. மழை பெய்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னார்.

உள்ளே முகவராக அமர்ந்திருந்த இளைஞர் ஒருவரை மாலையில் சந்தித்தேன். பாட்டியின் லயத்திலேயே நான்காவது காம்பறாவில் வளர்ந்தவர். எதிர்க்கட்சி முகவரும் அதே தோட்டம். "எல்லாருக்கும் அவங்களைத் தெரியுங்க. எங்கம்மாவுக்குப் பிரசவம் பாத்ததே அவங்கதான். ஆனா சட்டம்னு சொன்னாங்க, நாங்க என்ன பேசறது?" என்றார். தலைமை தாங்கும் அலுவலர் மீது தவறு சொல்ல மாட்டேன். சட்டம் சொன்னதை அவர் செய்தார். ஆளடையாளத்தை உறுதிப்படுத்துவதற்காக வந்த சட்டம், அந்த மண்டபத்தில் எவருக்கும் ஐயமில்லாத ஓர் ஆளைத் திருப்பி அனுப்பியது என்பதுதான் என் மனத்தில் நின்றது.

அந்த அட்டை அவரிடம் ஏன் இல்லை என்று விசாரித்தபோதுதான், 2004 இல் நான் எழுதியதில் விட்டுப்போனது எது என்று தெரிந்தது.

நகரத்தில் இருப்பவருக்கு அடையாள அட்டை எடுப்பது ஓர் அலைச்சல், அவ்வளவுதான். பிறப்புச் சான்றிதழோடு கிராம உத்தியோகத்தரிடம் போனால் சில வாரங்களிலோ மாதங்களிலோ அட்டை வந்துவிடும். தோட்டத்தில் அது பல கண்ணிகள் கொண்ட சங்கிலி. முதற்கண்ணி பிறப்புப் பதிவு. லயத்தில் பிறந்த குழந்தையின் விபரம் தோட்ட நிர்வாகத்தின் வழியாகப் பதிவாளரிடம் போக வேண்டியிருந்த காலத்தில், போனவையும் உண்டு, போகாதவையும் உண்டு. தாய் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் பேர் மாறிப் போயிருப்பாள்; பழைய தோட்டமே வேறொன்றுடன் இணைந்து பெயரிழந்திருக்கும். பிறப்புப் பதிவு இல்லாதவர் உத்தேச வயதுச் சான்றிதழ் பெற வேண்டும். அதற்கு முதலில், பதிவேட்டைத் தேடியும் பெயர் கிடைக்கவில்லை என்று கடிதம் வேண்டும். மடுல்சீமையிலிருந்தோ லுணுகலையிலிருந்தோ பதுளைக் கச்சேரிக்கு ஒருமுறை வந்து போவது என்றால் ஒரு நாள் பேர் போயிற்று. ஒருமுறையில் முடிந்ததாக எவரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அடுத்த கண்ணி பெயர். தமிழில் வைத்த பெயரைப் பதிவாளர் சிங்களத்தில் எழுதுவார். பாடசாலையில் அதை மீண்டும் தமிழாக்குவார்கள். தோட்டத்துச் செக்ரோலில் கிளாக்கர் ஐயா தம் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். மாரியாயி மரியா ஆவாள். தகப்பன் பெயர் மகள் பெயராகும். 2014 வரையில் வடக்கு, கிழக்குக்கு வெளியே வழங்கப்பட்ட அட்டைகள் தனிச் சிங்களத்திலேயே இருந்தன என்பதால், தம் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதையே வாசிக்க முடியாதவர் பலர். ஓர் எழுத்துப் பிசகினால் ஒரு விண்ணப்பம் திரும்பும். திரும்பி வந்த செய்தியும் உரியவருக்குக் கிடைக்க வேண்டுமே! லயத்துக்குத் தனி முகவரி கிடையாது. தோட்டத்தின் பெயர்தான் நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்கும் முகவரி. கடிதங்கள் தோட்டக் கந்தோரில் வந்து குவியும். யாராவது எடுத்துப் போய்க் கொடுத்தால் உண்டு.

மூன்றாவது கண்ணிதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. தோட்டத்தில் குடியிருப்பவரின் விண்ணப்பத்தைச் சான்றுப்படுத்தும் அதிகாரம் தோட்ட அத்தியட்சகருக்கு, அதாவது துரைக்கு உண்டு. நடைமுறையில் தோட்ட மக்கள் காலங்காலமாகப் போய் நின்றது அவருடைய கந்தோர் வாசலில்தான். வெள்ளைக்காரன் காலத்தில் துரை சகலமுமாக இருந்தார், புரிந்துகொள்ளலாம். 1970களில் தோட்டங்கள் அரசுடைமையானபோது அவர் ஒரு வகையில் அரசாங்க உத்தியோகத்தர், அதையும் ஏற்றுக்கொள்ளலாம். 1992 இல் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் போனபின் அவர் யார்? ஒரு கம்பனியின் சம்பளக்காரர். தொழிலாளியோடு சம்பளத்துக்கும் கொழுந்து நிறைக்கும் மல்லுக்கட்டும் தரப்பைச் சேர்ந்தவர். அவருடைய கையெழுத்து ஒரு குடிமகளின் அடையாள அட்டைக்கு வாசல், அடையாள அட்டை வாக்குக்கு வாசல் என்றால், அந்த வாக்கு எங்கே தொடங்குகிறது? நல்ல துரைமார் இருக்கிறார்கள். விடுமுறை நாளிலும் உட்கார்ந்து படிவங்களில் ஒப்பமிட்டவர்களை எனக்குத் தெரியும். வேலைநிறுத்தம் நடந்த மாதத்தில் படிவங்கள் மேசையிலேயே கிடந்த தோட்டத்தையும் தெரியும். எவ்வளவு நல்லவராக இருந்தாலும் முதலாளியின் பிரதிநிதி நிற்க வேண்டிய இடம் அதுவல்ல.

பாட்டியின் படிவமும் அந்தத் தோட்டக் கந்தோருக்குப் போய், பிறப்புச் சான்றிதழ் இல்லையென்று திரும்பி வந்து, வந்த இடத்திலேயே கிடந்திருக்கிறது. அதே கந்தோரில் அவர் வேலை செய்த ஒவ்வொரு நாளும், பறித்த ஒவ்வொரு கிலோவும், சங்கத்துக்குப் பிடித்த சந்தாவும் பதிவாகியிருந்தன.

இந்த மக்களிடம் கடதாசி கேட்பது 2004 இல் தொடங்கியதல்ல. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், இலங்கையில் பிறந்ததோடு தகப்பனோ, இல்லையேல் பாட்டனும் பூட்டனுமோ இங்கே பிறந்ததற்கும் சான்று கேட்டது. பிறப்புப் பதிவே ஒழுங்காக இல்லாத லயத்தில் பாட்டனின் சான்றுக்கு எங்கே போவது? மறு ஆண்டு வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம், 1946 ஜனவரி 1 ஆம் திகதிக்கு முன் மணமானவர் ஏழு ஆண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் இடையறாது இங்கே வசித்ததை நிரூபிக்கச் சொன்னது. 8 இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. கடைசியில் பிரஜாவுரிமை கிடைத்தது சுமார் 134,000 பேருக்கு. 1949 இல் தேர்தல் சட்டத்தையும் திருத்தி, பிரஜைகளே வாக்காளர் என்றாக்கினார்கள். 1947 பொதுத்தேர்தலில் தம் சொந்தப் பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய சமூகம் 1952 தேர்தலை வெளியே நின்று பார்த்தது. சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 1964 இல் 975,000 பேரை ஆள் எண்ணிக்கையாகப் பங்கிட்டது. முழு விடுதலைக்கு 1986, 1988, 2003 என்று மூன்று சட்டங்கள் வேண்டியிருந்தன.

அவற்றுள் 1988 ஆம் ஆண்டின் 39 ஆம் இலக்கச் சட்டம் எனக்கு முக்கியமானது. இந்தியப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்காத, நாடற்றவர் அனைவரும் இலங்கைப் பிரஜைகள் என்று ஏற்று, அதற்குச் சான்றாக ஒரு சத்தியக்கடதாசி போதும் என்றது அது. ஜனாதிபதித் தேர்தல் அண்மித்திருந்த வேளை. வாக்குகள் தேவைப்பட்டன என்பது இரகசியமல்ல. எப்படியோ, மலையகத்தானின் வாய்மொழியை அரசு நம்பிய அபூர்வமான தருணம் அது. நாடு என்ன மூழ்கிப் போய்விட்டதா?

பழைய அடையாள அட்டையின் இலக்கத்துக்கு முடிவில் ஓர் ஆங்கில எழுத்து இருக்கும்: வீ அல்லது எக்ஸ். வீ என்றால் வாக்காளர், எக்ஸ் என்றால் வாக்கில்லாதவர் என்பதுதான் ஊரில் எல்லோரும் கொண்ட பொருள். 2016 இல் பன்னிரண்டு இலக்க முறை வந்தபோது அந்த எழுத்து போய்விட்டது. அது எனக்கு ஒரு சிறிய நிம்மதி.

இனி, மலைக்கே உரிய ஒரு காரணத்தையும் சொல்ல வேண்டும். 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தவில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. அதன் பின்னான நாள்களில் எத்தனை பேர் காணாமற்போனார்கள் என்பதற்கே ஒருவர் சொன்ன கணக்கு இன்னொருவர் கணக்கோடு ஒத்துவரவில்லை. உயிரோடிருந்தவர்கள் உடுத்த உடையோடு முகாமுக்கு வந்தவர்கள். பெட்டிக்குள் இருந்த சான்றிதழும் அட்டையும் மண்ணுக்கடியில். ஏறத்தாழப் பத்து வாரங்களில், 2015 ஜனவரி 8 ஆம் திகதி, ஜனாதிபதித் தேர்தல். 2025 நவம்பர் இறுதியில் திட்வா புயல் வந்தபோது மிகக் கடுமையாக அடிபட்ட மாவட்டங்களில் மீண்டும் பதுளை. பெருமழை வரும்போதெல்லாம் தம் ஆளடையாளத்தையும் பொலித்தீனில் சுற்றிக்கொண்டு ஓட வேண்டியவர்கள் இவர்கள். அவர்களிடம் வாக்கின் சாவியை ஒரேயொரு அட்டையில் வைப்பது என்ன நியாயம்?

நண்பரின் லண்டனுக்கு வருகிறேன். பிரித்தானியாவின் 2022 ஆம் ஆண்டுச் சட்டம் முதன்முதலாக 2023 மே மாத உள்ளூராட்சித் தேர்தலில் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்தது. அட்டை இல்லாமல் திருப்பி அனுப்பப்பட்டு மீண்டும் வராதவர்கள் ஏறத்தாழ 14,000 பேர் என்று அங்குள்ள தேர்தல் ஆணையமே கணக்கிட்டது. நூற்றுக்குக் கால் வீதம். முதியோரின் பஸ் அட்டை செல்லும், இளையோரின் பஸ் அட்டை செல்லாது என்ற விசித்திரமும் அந்தச் சட்டத்தில் உண்டு. கூச்சல் போட்டதன் பலனோ என்னவோ, வங்கி அட்டையையும் ஏற்க உத்தேசித்திருப்பதாக அந்நாட்டு அரசு 2025 ஜூலையில் அறிவித்தது. கால் வீதத்துக்காக ஒரு நாடு விவாதிக்கிறது. எங்கள் ஊரில் எத்தனை வீதம் என்று கேட்பாரில்லாமலே சட்டம் நடந்தது.

இந்தியாவில் சேஷன் தேர்தல் ஆணையராக இருந்தபோது 1993 இல் தொடங்கிய வாக்காளர் புகைப்பட அட்டையைக் கேட்பதும் தேர்தல் ஆணையம், கொடுப்பதும் அதே ஆணையம். அது இல்லாதவரிடம் நூறுநாள் வேலைத்திட்ட அட்டையையும் படம் ஒட்டிய வங்கிப் புத்தகத்தையும்கூட அங்கே ஏற்கிறார்கள். கூலி வேலை செய்கிறவரின் வேலை அட்டை வாக்குக்குச் செல்லுபடியாகும் என்பதைப் பாட்டியின் பொலித்தீன் பையோடு வைத்துப் பாருங்கள்.

எனக்கு மிகப் பிடித்தது கனடாவின் ஏற்பாடு. ஆவணம் இல்லாத வாக்காளருக்காக அதே வாக்களிப்புப் பிரிவைச் சேர்ந்த இன்னொரு வாக்காளர் எழுத்தில் உறுதிமொழி கொடுக்கலாம். ஒருவர் ஒருவருக்கு மட்டுமே கொடுக்கலாம் என்பது மோசடிக்கான தடுப்பு. 2014 இல் அதை நெருக்கினார்கள். 2018 இல் திருத்தி விரிவாக்கினார்கள். பக்கத்து வீட்டுக்காரரை முகம் தெரியாத டொரொன்டோ மாடிக் குடியிருப்புக்கே அது பொருந்துமென்றால், ஒரே கூரையின் கீழ் பத்துக் குடும்பங்கள் வாழும் லயத்துக்குப் பொருந்தாதா? அன்று பசறையில் அந்த முகவர் இளைஞர் ஓர் ஒப்பமிட்டிருந்தால் முடிந்திருக்கும். பொய்யாக ஒப்பமிட்டால் தண்டனை என்று சட்டத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

"இப்போது நிலைமை மாறிவிட்டதே" என்பார்கள். மாறித்தான் இருக்கிறது. நடமாடும் சேவைகள் தோட்டம் தோட்டமாக வந்தன. தொண்டு நிறுவனங்களும் சில தொழிற்சங்கங்களும் உண்மையாகவே உழைத்தன. பாடசாலை வழியாகவே அட்டை பெறும் தலைமுறை வளர்ந்துவிட்டது. தோட்டங்களுக்குப் பிரதேச சபை செலவு செய்யக்கூடாது என்றிருந்த தடைகூட 2018 திருத்தத்தோடு தளர்ந்தது. 2024 பொதுத்தேர்தலில் பதுளை மாவட்டம் அம்பிகா சாமுவேல் என்ற மலையகப் பெண்ணைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. இவற்றை மறைத்து எழுதுவது பத்திரிகைக்காரனுக்கு அழகல்ல. ஆனால் எஞ்சியிருப்பவர்கள் யார் என்று பாருங்கள்: முதியவர்கள், மணமாகி வேறு மாவட்டத்திலிருந்து வந்த பெண்கள், பாடசாலையை இடையில் விட்டுக் கொழும்புக்கு வேலைக்குப் போன பிள்ளைகள், மண்சரிவில் எல்லாம் இழந்தவர்கள். எண்ணிக்கை குறைந்துவிட்டதால் அவர்களுக்காக வழி செய்வது இலகுவாகியிருக்கிறது என்றல்லவா எடுத்துக்கொள்ள வேண்டும்?

தற்காலிக அட்டை என்றொரு வழி இருப்பது உண்மை. அதற்கும் படம் வேண்டும், படிவம் வேண்டும், தேர்தலுக்குச் சில நாள் முன்பே முடிந்துபோகும் ஒரு கடைசித் திகதி உண்டு. அதை வாக்களிப்பு நாள் வரை, பிரதேச செயலகத்தில் அல்லாமல் தோட்டத்திலேயே, வழங்கத் தேர்தல்கள் ஆணைக்குழுவால் முடியாதா? ஆணைக்குழு தன் அட்டையை வாக்காளர் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோகட்டும். தோட்டத் துரையின் கையொப்பத்தை இந்தச் சங்கிலியிலிருந்து எடுத்துவிட்டு, அந்த வேலையைக் கிராம உத்தியோகத்தரிடம் மட்டும் விடட்டும். முதல் முறை எடுக்கும் அடையாள அட்டைக்கு 2018 முதல் வாங்கும் கட்டணத்தைத் தோட்டங்களிலாவது விட்டுவிடட்டும். அட்டையின்றி வாக்கில்லை என்றபின் அதற்குக் காசு கேட்பது வாக்குக்குக் காசு கேட்பதுதான். இந்திய உதவியுடன் டிஜிட்டல் அடையாள முறை வரப்போகிறது என்கிறார்கள். விரல்ரேகையும் கண்மணியும் பதியும் அந்த இயந்திரத்திடமும் முதலில் ஒரு பிறப்புச் சான்றிதழைத்தான் நீட்ட வேண்டியிருக்கும்.

பாட்டியை நான் பிறகும் ஒருமுறை பார்த்தேன். அந்தத் தேர்தலுக்கு மூன்றாண்டுகள் கழித்து வேறொரு செய்திக்காகப் பசறைப் பக்கம் போனபோது லயத்துக்குப் போய் விசாரித்தேன். அட்டை கிடைத்துவிட்டது என்றார். பொலித்தீன் பையை அவிழ்த்துக் காட்டினார். தமிழில் ஓரெழுத்துக்கூட இல்லை. பேரன் சிங்களத்தை எழுத்துக்கூட்டி வாசித்தான்: பெயரில் ஓர் எழுத்துக் குறைவு, வயதில் ஆறு கூடுதல். திருத்தக் கொடுக்கலாமே என்றேன்.

"வேணாங்க ஐயா" என்று பையை மறுபடி கட்டினார். "திருத்தக் குடுத்தா அடுத்த எலெக்சனுக்கு இது கைக்கு வருமோ என்னமோ."